கயிற்றில் ஏறி வந்த மேற்றிராணியார்

இறங்கியவன் கஸ்பார், கயிறு பிடித்தவன் அவனுடைய மச்சான் சிலுவைமுத்து, ஏறி வந்தவர் மேற்றிராணியார், சாமியார்களுக்கெல்லாம் மேலான ஆயர். இதில் இறங்கியவன்மேலும் பிடித்தவன்மேலும் எங்கள் கீழமுனையில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏறி வந்தவர்மேல் மட்டும்தான் சந்தேகம் என்று முதல் நாள் எல்லோரும் சொன்னார்கள். சந்தேகம் அப்படி ஒரே ஆள்மேல் உட்கார்ந்திருக்கிற சாதி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது போர்த்துக்கீசியப் பறங்கியரை விரட்டிவிட்டு, வேறு சபைக்காரர்களான ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டையில் குடியேறியிருந்தார்கள். மாதா கோயிலைப் பூட்டிச் சாவியைக் கோட்டைக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள், சாமியார்கள் கரையில் கால் வைக்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள், எப்போதாவது கருப்பட்டிச் சிப்பத்துக்கு நடுவில் ஒளிந்து வருகிற ஒரு சாமியார் ஏதாவது ஒரு வீட்டின் உள்ளறையில் பூசை வைத்துவிட்டு விடிவதற்குள் போய்விடுவார். அவர் போன பிறகு, யார் காட்டிக்கொடுப்பார்களோ என்று வீட்டுக்கு வீடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதே ஊருக்கு வேலையாகிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு மாசி மாதம், முத்துக் குளிக்கிற பருவமான சலாபம் நடந்துகொண்டிருந்தபோது, கஸ்பார் அடிக்கு இழுத்துப்போகிற கல்லின்மேல் கால் வைத்து, மூக்கைப் பிடித்து, சிலுவை போட்டுக்கொண்டு, கடலுக்குள் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் கயிறு அசைந்தது. சிலுவைமுத்து இழுத்தான். ஊதா அங்கியும், பொன்சரிகை போட்ட உயர்ந்த முடியும், தலை வளைந்த செங்கோலும், விரலில் கல் வைத்த மோதிரமுமாக ஒரு வயதான வெள்ளைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். அங்கி நனையவில்லை. அவர் தோணிக்குள் கால் வைத்து, இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்து, ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு, செபத்தில் மட்டுமே கேட்கிற தமிழில் பேசினார்.

"பிள்ளைகளே, இது முத்துக்குளித்துறைதானோ?"

"ஆமா சாமி," என்றான் சிலுவைமுத்து. பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய் அது. பிறகுதான் நினைவு வந்து, "எம் மச்சான் எங்க சாமி?" என்று கேட்டான்.

"கயிற்றை இறக்குங்கள்," என்றார் மேற்றிராணியார்.

யாரும் இறக்கவில்லை. பக்கத்துத் தோணிகளில் இருந்தவர்கள்தான் மாறி மாறி முங்கிப் பார்த்தார்கள். கஸ்பாரின் வலைக்கூடை பாதிச் சிப்பியோடு, வாய் ஒழுங்காகக் கட்டப்பட்டு, கடலடியில் சிப்பி விளைகிற பாரின்மேல் இருந்தது. கஸ்பார் இல்லை. மணலில் செருப்புக் கால் தடம் ஒன்று, கிழக்கே ஆழத்திலிருந்து, வழி தெரிந்தவன் நடந்து வருகிற மாதிரி நேராக வந்து அந்தக் கூடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்கு அர்த்தம் இருக்காது. குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்கவேண்டும். அண்ணன் தம்பி பிடித்தால் பங்காளிப் பகையில் விட்டுவிடக்கூடும், சிநேகிதன் பிடித்தால் கவனம் வேறு பக்கம் போய்விடக்கூடும், ஆனால் தன் தங்கச்சி தாலி அறுக்கவேண்டும் என்று எந்த அண்ணனும் நினைக்கமாட்டான் என்பது கணக்கு. கயிறு ஆள் இல்லாமல் வெறுமனே ஏறி வந்தால், பிடித்தவன் அதைக் கோயில் படிவரைக்கும் தோளில் போட்டுக்கொண்டு நடந்து, எல்லோரும் பார்க்க அரிவாளால் அறுக்கவேண்டும். கயிறு அறுந்த பிறகுதான் பெண் தாலியைக் கழற்றுவாள். வெறுங்கயிற்றுக்கு இப்படி வழக்கம் இருந்தது. மேற்றிராணியார் ஏறி வந்த கயிற்றுக்கு ஒரு வழக்கமும் இல்லை.

அதனால் கஸ்பாரின் பெண்டாட்டி இசபேல் அன்றைக்குச் சாயங்காலம் தாலியைக் கழற்றவும் இல்லை, பூ வைத்துக்கொள்ளவும் இல்லை. பட்டங்கட்டி வீட்டு முற்றத்தில் போய் நின்றுகொண்டாள்.

எங்கள் ஊர்த் தலைவரைப் பட்டங்கட்டி என்போம். அப்போது இருந்தவர் எஸ்தேவான் பட்டங்கட்டி, மோவாயைத் தடவிப் பார்த்த பிறகே தனக்குத் தாடி இருப்பதை ஒத்துக்கொள்கிற மனிதர். அவர் மேற்றிராணியாரை உட்காரவைத்து, முழங்கால் போட்டு மோதிரத்தை முத்தம் செய்துவிட்டு, அந்தக் கல் உண்மையானதா என்பதையும் அப்படியே பார்த்துக்கொண்டார்.

மேற்றிராணியார் தம் கதையை மறைக்காமல் சொன்னார். பெயர் தோன் ஜெரோனிமு. பிறந்தது ஆடு மேய்க்கிற ஒரு மலைக்கிராமம். கப்பல் ஏறுகிற நாள்வரைக்கும் கடலைப் பார்த்ததே இல்லை. முத்துக்குளித்துறைக்கு மேற்றிராணியாராக நியமித்து, முடி வைத்து, மோதிரம் போட்டு அனுப்பினார்கள். ஒரு பெரிய கோயில் கட்டவேண்டும், பிள்ளைகளுக்குக் கல்விச்சாலை வைக்கவேண்டும், அதற்காக ஒரு வெண்கல மணியையும் கொண்டுவந்தார். கப்பலில் ஒரு பரதவ மாலுமியிடம் செபங்களைக் கற்று, அதிலிருந்து தமிழ் கற்றார். பாதிக் கடலில் கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், முழுகினார்கள். நீந்தத் தெரியாததால் அவர் அடிக்குப் போய்விட்டார். அடியில் தரை இருந்ததால் நடந்தார். மணியைக் கொஞ்ச தூரம் சுமந்து பார்த்துவிட்டு ஒரு பாறைமேல் வைத்துவிட்டார். வழியில் பார்த்த மாலுமிகளையெல்லாம் மண் போட்டு மூடிச் செபம் சொல்லிவிட்டு வந்ததால் நேரமாகிவிட்டது என்றார்.

"எந்த ராசா அனுப்புனாவ சாமி?" என்று கேட்டார் உபதேசியார் வியாகுலம். சாமியார் இல்லாத காலத்தில் செபம் சொல்லிக்கொடுத்து ஊரின் விசுவாசத்தைக் கட்டிக் காப்பாற்றிய மனிதர் அவர்.

மேற்றிராணியார் ராசாவின் பெயரைச் சொன்னார். வியாகுலம் பட்டங்கட்டியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அந்த ராசா செத்து, அவரு மவனும் செத்தாச்சு. இவிய முழுகிட்டாவன்னு சொல்லி வேற ஒரு மேற்றிராணியார அப்பவே வச்சிட்டாவளே. இருக்கவரு இருக்கையில இவிய யாரு?"

"கஸ்பார் எங்க சாமி?" என்று பட்டங்கட்டி நேராகக் கேட்டார்.

"கயிற்றை இறக்குங்கள். அதற்கு மேல் சொல்ல நமக்கு அனுமதி இல்லை. அவன் நம்மிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான்."

கடலுக்கு அடியில் ஒருவன் தன் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமியாரைப் பார்த்து வெகு காலம் ஆன ஊர், கிடைத்த இடத்தில் செய்திருப்பான். அதன் இரகசிய முத்திரையை உடைத்துச் சொல்லச் சொல்வது பெரிய பாவம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் சொல்லாமல் விட்டதுதான் ஊரைப் பிடித்து ஆட்டியது. சொல்ல முடியாத பாவம் என்றால் பெரிய பாவமாகத்தான் இருக்கவேண்டும். மாதாவின் கழுத்து மாலையில் ஒரு முத்து முன்பே காணாமல் போயிருந்தது. அது கஸ்பார் வேலை என்றார்கள். போன சாமியாரைக் கோட்டைக்குக் காட்டிக்கொடுத்தது அவன்தான் என்றார்கள். இலங்கைக் கரையில் அவனுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, கூடையை அழகாகக் கட்டி வைத்துவிட்டு அங்கேதான் போயிருக்கிறான் என்றார்கள். இசபேல் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் யாரோ வந்து அவள் வீட்டுக் கொல்லையைத் தோண்டிப் பார்த்துவிட்டு, மண்ணைத் திரும்ப மூடக்கூட இல்லாமல் போயிருந்தார்கள்.

மேற்றிராணியாரைக் கருவாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்தார்கள். கோட்டைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற ஒரே இடம் அதுதான். அங்கே வைத்ததில் இன்னொரு சந்தேகம் முளைத்தது, அவர் மீன் சாப்பிட மறுத்தார். வஞ்சிரம் கொடுத்தார்கள், விளமீன் கொடுத்தார்கள், நெத்திலிக் குழம்பு கொடுத்தார்கள், எல்லாவற்றையும் சட்டியோடு தள்ளி வைத்தார்.

"வழியெல்லாம் நம்மோடு கூட வந்தவர்கள்," என்றார். "முகம் தெரிந்துவிட்டது."

மீன் சாப்பிடாத மனிதரை எங்கள் ஊர் எப்படி நம்பும்? கஞ்சியும் முருங்கைக்கீரையும் கொடுத்துவிட்டு, கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்கள். யார் சோறு கொண்டுபோனாலும் அவர் ஒன்றையே சொன்னார். கயிற்றை இறக்குங்கள். காலையில் சொன்னார், மத்தியானம் சொன்னார், பாத்திரம் எடுக்கப் போகிற பெண்களிடமும் சொன்னார், கடைசியில் பட்டங்கட்டிக்கு அதன் சூட்சுமம் விளங்கிவிட்டது.

"இவரு ஒத்தையில வரல," என்றார் கூட்டத்தில். "கப்பல்ல எத்தன பேரு இருந்தானுவ? பட்டாளமே கீழ நடந்து வந்து நிக்கிது. முதல்ல பெரியவர ஏத்தி விட்டிருக்கானுவ. நாம கயித்த இறக்க இறக்க ஒவ்வொருத்தனா ஏறி வந்து கோட்டையப் பிடிப்பானுவ. அப்புறம் கோட்டைக்காரன் நம்ம தோணியத்தான் எரிப்பான்."

இப்படிக் கேட்டதும் எல்லோருக்கும் மனம் நிம்மதியாகிவிட்டது. பயத்துக்கு ஒரு உருவம் கிடைத்தால் வருகிற நிம்மதி அது. அன்றிலிருந்து அந்தப் பாரின் பக்கம் யாரும் போகவில்லை. சலாபம் முடியாமலே முடிந்தது. சிலுவைமுத்துவின் கயிறு அவன் வீட்டுக் கூரை இறவாணத்தில் தொங்கியது. பங்குனி வெயிலிலும் அது காயவில்லை, சித்திரை வெயிலிலும் காயவில்லை, தொட்டவர்கள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனார்கள். காயாத கயிறு என்றால் பிடித்தவன் கையில் ஏதோ இருக்கிறது என்று அடுத்த பேச்சு ஆரம்பித்தது.

அதற்கு ஒரு பழைய காரணமும் இருந்தது. அந்தத் தோணி சிலுவைமுத்துவின் அப்பாவுடையது. அவர் அதை மகனுக்கு வைக்காமல் இசபேலுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். சொந்தத் தோணியாக வரவேண்டியதில் மச்சானுக்குக் கயிறு பிடிக்கிறவனாகச் சிலுவைமுத்து நின்றான். அதற்காக அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததைத்தான் இப்போது ஊர் எண்ணிப் பார்த்தது.

வைகாசி பிறந்தபோது இசபேல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அவிய கயித்த ஆட்டுனப்ப, நீ கையை விட்டியா?"

சிலுவைமுத்து தலையைத் தூக்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்டதை அவன் தாங்கிக்கொண்டிருந்தான். இது தங்கச்சி.

"விட்டிருந்தா மேற்றிராணியார் எப்படி ஏறி வந்தாவ?" என்றான்.

"அதுக்கு முந்தி?"

அவன் வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துபோனான். அன்றிலிருந்து சிலுவைமுத்து அவள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இசபேலுக்குத் தான் கேட்டது வலித்தது, அவன் சொல்லாதது அதைவிட வலித்தது, புருஷன் இருக்கிறானா இல்லையா என்பதோடு அண்ணன் இருக்கிறானா இல்லையா என்பதும் சேர்ந்துகொண்டது.

அந்தச் சமயத்தில் கோட்டையிலிருந்து ஆள் வந்து, ஊருக்குள் சாமியார் யாரும் இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள், எல்லோரும் வேறு வேறு பெயரை நினைத்தார்கள். பட்டங்கட்டி வீட்டில் கூட்டம் கூடியது. இசபேல் யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தாள்.

"ஐயா, சாமிய ஒளிச்சு வைக்க இடமில்லன்னுதான பேசுதிய? எங்கிருந்து வந்தாவளோ அங்கயே இறக்குங்க. ஒரு ஆளு இறங்குனா ஒரு ஆளு ஏறி வருது. அவிய இறங்கட்டும், எம் மாப்பிள்ள ஏறி வரட்டும்."

"பட்டாளம் ஏறி வந்தா?"

"ஒரு கயித்துல ஒரு ஆளுதான ஏறுதான். ஒத்த ஆளுக்கா பயப்படுதிய?"

பட்டங்கட்டி தாடியைத் தடவினார். மேற்றிராணியார் நிஜமாக இருந்தால் கஸ்பார் வருவான்; பொய்யாக இருந்தால் பொய் வந்த வழியே போகும்; இரண்டில் எது நடந்தாலும் கோட்டைக்காரன் வருகிறபோது கொட்டகை காலியாக இருக்கும். அவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. ஒரே ஒரு தடங்கல்தான்.

"அவருக்குக் கயிறு பிடிக்கது யாரு? பொண்டாட்டி இல்லாத ஆளுக்கு மச்சான் ஏது?"

வியாகுலம் தொண்டையைக் கனைத்தார். "அவிய விரல்ல கிடக்கது கல்யாண மோதிரம்லா ஐயா. மேற்றிராணியார்மாரு தங்களுக்குக் குடுத்த சபையத்தான் கட்டிக்கிடுவாவ. அந்தச் சபை நாமதான். பாத்தா, பொண்ணு வீட்டு ஆளுவ நாம எல்லாரும்."

கூடியிருந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நொடியில் எல்லோரும் மேற்றிராணியாருக்கு மச்சான் ஆகிவிட்டார்கள், ஆனால் கயிறு பிடிக்க ஒருவனும் முன்னே வரவில்லை. ஏதாவது நடந்தால் பிடித்தவன் பெயர்தான் அடிபடும். கடைசியில் சிலுவைமுத்து எழுந்தான்.

"நானே பிடிக்கேன். எம் பேரு கெடுததுக்கு இனி என்ன இருக்கு?"

கோட்டைக் காவல் தோணி தெற்கே போன ஒரு காலையில், அந்த இறவாணத்துக் கயிற்றோடு புறப்பட்டார்கள். குளிக்கிற தோணியில் பெண்கள் ஏறக்கூடாது என்று பட்டங்கட்டி சொன்னபோது, "இது எஞ் சீதனத் தோணி," என்று சொல்லிவிட்டு இசபேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாருக்கு மேலே தோணி நின்றது. மேற்றிராணியார் கல்லின்மேல் கால் வைத்தார். ஊதா அங்கியில் கருவாட்டு வாடை அடித்தது. கயிறு பிடிக்கிறவனைத் திரும்பிப் பார்த்தார்.

"மகனே, பிடிப்பாயோ?"

"பிடிப்பேன் சாமி."

"நம்புகிறோம்," என்றார்.

அந்த ஊரில் அந்தச் சொல்லை ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது. சிலுவைமுத்துவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கல் இறங்கியது, செங்கோலின் வளைந்த தலை கடைசியாக முழுகியது, தண்ணீர் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கயிறு அசைந்தது. சிலுவைமுத்து இழுத்தான். கஸ்பார் வந்தான்.

தலைமுடி தோள்வரைக்கும் வளர்ந்திருந்தது, தோல் ஊறிப்போயிருந்தது, மற்றபடி அவன்தான். இசபேல் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. எட்ட நின்று காதுக்குப் பின்னால் இருக்கிற தழும்பைப் பார்த்தாள். பிறகு, "நம்ம மூத்த மவ பேரென்ன?" என்று கேட்டாள்.

"நமக்கு ஏது பிள்ள?" என்றான் கஸ்பார். "ஏன் இப்படிக் கேக்க? எனக்குத் தண்ணி தா. நல்ல தண்ணி."

அப்போதுதான் அவள் அழுதாள். செம்பைக் கையில் கொடுத்துவிட்டு அழுதாள், அவன் குடித்து முடிக்கும்வரை அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊரே கேட்கக் காத்திருந்ததைக் கேட்டாள்.

"சாமிகிட்ட என்னத்தச் சொன்னிய?"

சாமியார் சொல்லக்கூடாது, பாவம் செய்தவன் சொல்லலாம். கஸ்பார் சிலுவைமுத்துவைப் பார்த்தான், பிறகு செம்பைப் பார்த்தான்.

"உங்கண்ணன் என்னைக்காவது கயித்த விட்டுருவான்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அதத்தான் நினைச்சேன். தோணிய நான் வச்சிருக்கேன்லா, இன்னைக்கு விடுவான், இன்னைக்கு விடுவான்னு எண்ணிக்கிட்டேதான் சிப்பி பொறுக்குனேன். அன்னைக்குக் கீழ சாமி வந்து நின்னாவ, பாவசங்கீர்த்தனம் உண்டான்னு கேட்டாவ. சொன்னேன்."

"அதுக்கு என்ன அபராதம் போட்டாவ?"

"கயித்த அவிய கையில குடுத்துட்டு, திரும்ப இறங்கி வார வரைக்கும் நம்பிக் காத்திருக்கணும்னாவ." கஸ்பார் வளர்ந்த முடியைக் கையால் ஒதுக்கினான். "கொஞ்சம் நேரமாயிட்டோ?"

மாசியில் போனவன் வைகாசியில் வந்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? ஒரு கயிற்றை இறக்குவதற்கு நாங்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டோம். பட்டங்கட்டிதான் முதலில் பேசினார்.

"சரி, ஆளு வந்தாச்சு. நேரத்தோட கரைக்குப் போவோம்."

"சாமி?" என்றான் கஸ்பார்.

"அங்கிருந்து நடந்து வந்தவருக்கு இன்னும் கொஞ்சம் நடக்கத் தெரியாதா? கோட்டைக்காரன் வார நேரம்."

"அவிய கீழ காத்துக்கிட்டு இருப்பாவ. நான் இருந்த அதே இடத்துல. இந்தக் கயிறு வந்தாத்தான் அங்க வழி, சும்மா முங்குதவன் கண்ணுல படாது."

தோணியில் இருந்தவர்கள் கடலைப் பார்க்காமல் கரையைப் பார்த்தார்கள். சிலுவைமுத்து கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு அதைத் தன் இடுப்பில் சுற்றினான், மறுமுனையைக் கஸ்பாரின் மடியில் போட்டான்.

"நீ பிடி மச்சான்."

"நீ முங்க மாட்டியே."

"இப்ப முங்குதேன்." அவன் தங்கச்சியைப் பார்த்தான். "நீ கேட்டல்லா, நான் பதில் சொல்லல. கையை விடல. ஆனா அன்னைக்குக் கயிறு அசைஞ்சப்ப நான் உடனே இழுக்கல. ஒரு மூச்சு நேரம் சும்மா நின்னேன். தோணி எனக்கு வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சேன். ஒரு மூச்சுதான். அப்புறம்தான் இழுத்தேன். இதச் சொல்ல எனக்கு இருக்க ஒரே சாமி கீழதான் இருக்காவ."

இசபேல் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் கல்லின்மேல் ஏறி நின்றான், மூக்கைப் பிடித்தான், போய்விட்டான்.

கஸ்பார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன்னை விட்டுவிடுவான் என்று காலமெல்லாம் சந்தேகப்பட்டவன், சந்தேகம் பாதி உண்மை என்று இப்போதுதான் கேட்டவன், அவன் கையில் அந்த மச்சானின் மூச்சு இருந்தது. இசபேல் கடலைப் பார்க்கவில்லை. புருஷனின் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் கைகளை மட்டும் பார்த்தாள். புருஷன் மேலே, அண்ணன் கீழே, தான் நடுவில் என்று உட்கார்ந்து, அந்தக் கைகள் என்ன செய்யும் என்று தனக்குத் தெரியாது என்பதை அவள் உணர்ந்தாள், அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

கயிறு அசைந்தது.

கஸ்பார் நின்றான். ஒரு மூச்சு நேரம் நின்றான். இசபேல் அதைப் பார்த்தாள்.

பிறகு இழுத்தான். கயிறு வரவில்லை. காலைப் பலகையில் ஊன்றி இழுத்தான், கழுத்து நரம்பு புடைத்தது, இசபேல் எழுந்து பின்னால் நின்று பிடித்தாள், பட்டங்கட்டியும் பிடித்தார், வியாகுலமும் பிடித்தார், பட்டாளம்தான் வருகிறது என்று நினைத்தவர்கள்கூடப் பிடித்தார்கள். முதலில் பொன்சரிகை போட்ட முடி வந்தது. அதற்குக் கீழே, மேற்றிராணியாரை முதுகில் சுமந்துகொண்டு சிலுவைமுத்து வந்தான். ஒரு கயிற்றில் ஒரு ஆள்தான் ஏற முடியும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களாகச் சொல்லிக்கொண்டதுதான்.

மேற்றிராணியாரின் அங்கி இந்தத் தடவை நனைந்திருந்தது. சிலுவைமுத்து தோணியில் மல்லாந்து கிடந்து இருமினான், இசபேல் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மேற்றிராணியார் முடியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்திருந்தவனைப் பார்த்தார்.

"மகனே, பாவசங்கீர்த்தனம் உண்டோ?"

"உண்டு சாமி," என்றான் கஸ்பார்.

"எனக்கும்," என்றாள் இசபேல்.

அவளுக்குப் பின்னால் பட்டங்கட்டி முழங்கால் போட்டார். தோணி கரை சேர நேரமாகிவிட்டது.

கோட்டைக்காரர்கள் வந்தார்கள், வீடு வீடாகப் பார்த்தார்கள், ஆளுக்கு ஆள் விசாரித்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை. கடலில் நடந்து வந்ததை எங்கள் ஊர் இன்றைக்கும் சாதாரணமாகத்தான் சொல்லும். இதைச் சொல்லும்போதுதான் குரல் தாழும். அத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

மேற்றிராணியார் தம் கோயிலைக் கட்டவில்லை. கல்விச்சாலை வைக்கவில்லை. மணி இன்னும் கடலுக்குள் ஏதோ ஒரு பாறைமேல்தான் இருக்கிறது. இருந்த காலமெல்லாம் கருவாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அவர் பாவசங்கீர்த்தனம் கேட்டார், கேட்டதெல்லாம் ஏறக்குறைய ஒரே பாவம்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவரிடம் போய்விட்டு வந்தவர்கள் கொஞ்ச நாள் கதவைத் தாழிடாமல் தூங்கினார்கள், பிறகு தாழிட்டார்கள், பிறகு திரும்பப் போனார்கள். கடைசிவரைக்கும் மீன் சாப்பிடவில்லை. ஒரு ஆடி மாதம், கஞ்சிக் கலயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

ஊருக்கு அப்போது ஒரு சங்கடம் வந்தது. மோதிரக் கணக்குப்படி அவர் எங்களைக் கட்டியவர். வழக்கப்படி கயிற்றைக் கோயில் படியில் வைத்து அறுத்து, ஊர் முழுக்கத் தாலி கழற்றவேண்டும். சிலுவைமுத்துவின் கையில் அரிவாளைக் கொடுத்தார்கள். பூட்டிக் கிடந்த கோயிலின் படியில் அவன் கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"இது வெறுங்கயிறு இல்ல," என்றான். "அறுக்க மாட்டேன்."

கஸ்பார் அரிவாளை வாங்கி எட்ட வைத்தான். கயிறு அறுபடாததால் ஊரில் யாரும் தாலியும் கழற்றவில்லை.

பிறகு கோட்டை கை மாறி, கோயில் திறந்து, அந்தக் கயிறு பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் ஏறியது. இன்றைக்கும் அங்கே தொங்குகிறது, இன்றைக்கும் ஈரமாகத்தான் இருக்கிறது. கோயில்பிள்ளை காலையில் வாசல் திறக்கும்போது தண்ணீர் தெளித்துவிடுகிறான் என்று சொல்கிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு. கல்யாணம் ஆன புதிதில் ஒவ்வொரு மாப்பிள்ளையும் ஒவ்வொரு மச்சானும் யாரும் பார்க்காத நேரத்தில் அதைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. குடத்துத் தண்ணீரா, கடலா என்று அதில் தெரிந்துவிடும். நானும் வைத்துப் பார்த்தவன்தான். உப்புக் கரித்தது. கோயில்பிள்ளை கடலுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறானா என்று அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவனையும் கவனித்துக்கொண்டிருந்தேன்.